நாற்பத்தேழு போட்ட பூட்டு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வெங்காயம் வாங்க மறந்துவிட்டு வந்தால்கூட, "கடை மூடியிருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்கத் தெரியாது. வாசலிலேயே நின்று தலையைச் சொறிவார். அப்படிப்பட்ட மனுஷன் பதினோரு மாதம், மாதத்துக்கு நாற்பத்தெட்டு தடவை, கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

அவர் மாநகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பவர். சேர்ந்த அன்று கொடுத்த எண் நாற்பத்தேழு. அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நாற்பத்தேழு வந்தாச்சா?", "நாற்பத்தேழுக்கு ஒரு டீ" என்றுதான் பேச்சு. கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும், என்ன இது ஜெயிலா என்று. பிறகு கோபம் வந்தால் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். சட்டைப் பையில் அந்த எண்ணை நீல நூலால் தைப்பதும் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன்.

வேலையில் கெட்டிக்காரர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மீட்டரைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவார். "மூணாவது வீட்டுல கைக்குழந்தை வந்திருக்கு, தண்ணி ரெட்டிப்பாயிருக்கு" என்பார். "அந்த வாத்தியாரு தனியாயிட்டாரு பாவம், பாதியா குறைஞ்சிருச்சு" என்பார். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் மீட்டர் முள் நிற்காமல் சுற்றுவதைப் பார்த்து, கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் தோளால் இடித்துத் திறந்திருக்கிறார். குளியலறையில் ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார், குழாய் திறந்தபடியே. பிழைத்துக்கொண்டார். அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

நான் நடமாடும் மருத்துவ வண்டியில் உதவியாளர். டோக்கன் கொடுப்பேன், பெயர் எழுதுவேன், வரிசையில் முண்டியடிப்பவர்களைத் திட்டுவேன். என்னை "டோக்கன் அக்கா" என்பார்கள். என்னைவிட வயதானவர்களும் அக்காதான். வண்டியில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், டிரைவர், நான். வாரத்தில் ஆறு நாளும் நகரத்தின் வேறு வேறு மூலைகளில் நிறுத்துவோம். அதில் ஒரு நிறுத்தம், ஆறு கட்டடக் குடியிருப்பு. ஒவ்வொரு கட்டடமும் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி, மொத்தம் நூற்றிருபது வீடு. லிஃப்ட் இருக்கிறது. அதற்குள் யாரோ பழைய சைக்கிள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த நிறுத்தத்துக்கு வாரம் இரண்டு தடவை ஒரு லாரி டிரைவர் வருவார். முன்பு ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது பாதத்தில் ஆறாத புண். ஆறாவது கட்டடம், நான்காம் மாடி. அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கழுத்தில் அளவு நாடாவோடு, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, படிப்படியாக இறக்கிக் கூட்டி வருவார். நர்ஸ் கட்டுப் பிரிக்கும்போது அந்த டிரைவர் சும்மா இருக்கமாட்டார். "பாத்து சிஸ்டர். இது பிரேக் புடிக்கிற காலு. இது போச்சுன்னா அப்புறம் நான் எங்கயும் நிக்கமாட்டேன்" என்பார். தையல்காரம்மா, "வாயைத்தான் புடிக்க ஆளில்ல" என்பார். வரிசையே சிரிக்கும்.

இந்த வருஷ ஆரம்பத்தில் நகரத்துக்குப் புதிதாக ஒரு தகவல் பிரிவு வந்தது. தண்ணீர், பஸ், குப்பை, மருத்துவம் எல்லாவற்றின் கணக்கையும் ஒன்றாகப் போட்டு, எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே வசதி போக வேண்டும் என்று ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன். கால்வாய்க் கரைக்கு எங்கள் வண்டி முதல்முதலாகப் போனது அந்தக் கணக்கால்தான். அங்கே அத்தனை ஜனம் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. முதல் நாள் நூற்று நாற்பது டோக்கன் போயிற்று, எனக்குத் தொண்டையே கட்டிக்கொண்டது.

அடுத்த மாதப் பட்டியல் வந்தபோது ஆறு கட்டடக் குடியிருப்பு அதில் இல்லை. காரணம் ஒரே வரியில் போட்டிருந்தார்கள்: குடியிருக்கும் வீடுகள் நூற்றுக்கும் குறைவு.

எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்குச் சாப்பாடு போடும்போதே ஆரம்பித்தேன். "எவனோ ஒரு கடங்காரன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு அங்க ஆளே இல்லன்னு எழுதியிருக்கான். அந்தப் படியில ஒருநாள் ஏறியிருப்பானா? அவன் கால்ல புண்ணு வந்தா தெரியும். வெளங்குவானா அவன்?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். "இன்னொரு கரண்டி?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். முட்டி வலி போலிருக்கிறது என்று நினைத்து, தைலம் எடுத்துக் கொடுத்தேன். சாபம் கொடுத்த வாயாலேயே ஊதி ஊதித் தைலத்தையும் தேய்த்துவிட்டேன்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். பக்கத்து நிறுத்தம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், இருபது நிமிஷ நடை. நல்ல காலுக்கு இருபது நிமிஷம். தையல்காரம்மா ஒரே ஒரு தடவை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், வரும்போது நாங்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தோம். கட்டைப் பிரித்ததும் நர்ஸ் முகம் மாறியது. "வாரம் ரெண்டு தடவை கட்டு மாத்தலன்னா பாதம் போயிடும். சொல்லிட்டேன்" என்றார். டிரைவர் அன்றைக்குப் பிரேக் கதை பேசவில்லை.

மறுநாளே அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தகவல் பிரிவுக்குப் போனேன். மாதம் பத்தொன்பதாம் தேதி அது. சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பானேன். ஆனால் அங்கே இருந்தது என் அக்கா பெண் வயசில் ஒரு அதிகாரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்கம்மா" என்றாள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் நகரம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆள் இருக்கிற வீடு பச்சை, இல்லாதது சாம்பல். ஆறு கட்டடத்தையும் பெரிதாக்கிக் காட்டினாள். கீழ் மூன்று வரிசையும் பச்சை. மேல் இரண்டு மாடி மட்டும், ஆறு கட்டடத்திலும், வரிசையாகச் சாம்பல்.

"நாலு மாசத்துக்கு மேல வீடு பூட்டியிருந்தா ஆளில்லன்னு எடுத்துக்குவோம்மா. இது நாற்பத்தெட்டு வீடு, பதினோரு மாசமா பூட்டு. மீதி எழுபத்திரண்டுதான்."

"பூட்டா? நான் அந்த மாடியில இருக்கிறவங்களுக்குத் வாராவாரம் டோக்கன் குடுத்தவம்மா! யாரு பூட்டுன்னு சொன்னது?"

"தண்ணி மீட்டர் ரீடிங்தான். எங்களுக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சு. பெரிய குழாயில போற தண்ணி இவ்வளவு, வீட்டுல அவ்வளவு இல்ல. குழாய் ஒழுகுதுன்னு நெனச்சு ரோட்டைக்கூடத் தோண்டிப் பாத்தாங்க. ஒழுகல." சொல்லிக்கொண்டே ஒரு சாம்பல் கட்டத்தைத் தொட்டாள். ஒரு பட்டியல் விரிந்தது. வீடு பூட்டி, வீடு பூட்டி, வீடு பூட்டி என்று பதினோரு வரி. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைப் போட்டவரின் எண்.

நாற்பத்தேழு.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "நீங்க சொல்றது சரின்னா ரீடிங் எடுத்தவர்தான் தப்பு பண்ணியிருக்காரு. நீங்க எழுதிக் குடுங்க, இன்னைக்கே அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன். தப்புன்னு ஆச்சுன்னா நானே நிறுத்தத்தைத் திரும்பப் போட்டுடுவேன்." பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

ஓய்வு பெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதம். முப்பத்து நான்கு வருஷ வேலை. பொய்ப் பதிவு என்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இல்லம்மா. நான் ஏதோ தெரியாமப் பேசிட்டேன். வேற கட்டடமா இருக்கும்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வாய் கிழியப் பேசுகிற நான், சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவர் செய்ததற்கு முட்டி வலி என்றாவது ஒரு காரணம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாற்பத்தேழு!" என்றேன். அந்தக் குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு வருஷமாச்சு அந்தப் படி ஏற முடியாம. ரோட்டுமட்டத்துல ஏதாவது ஏரியா குடுங்கன்னு மூணு தடவ கேட்டேன். ஆளில்லன்னுட்டாங்க" என்றார். "நோட்டுல எழுதுற காலத்துல மேல் மாடிக்கெல்லாம் கணக்குப் போட்டே எழுதிடுவேன். யாரு எவ்வளவு செலவழிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தர் சண்டைக்கு வந்ததில்ல. இந்தக் கை மெஷின் வந்தப்புறம் மீட்டரைப் போட்டோ எடுத்தாத்தான் நம்பர் ஏறும். போட்டோ இல்லன்னா 'வீடு பூட்டி' ஒண்ணுதான் அமுக்க முடியும். அமுக்கினா சராசரி பில் தானா போயிடுது. யாருக்கும் நஷ்டமில்ல. எல்லாரும்தான் போடுறாங்க."

"யாருக்கும் நஷ்டமில்லையா?"

"தண்ணி ஆபீஸ்ல அமுக்கினது ஆஸ்பத்திரி வண்டிக்கு எப்படிப் போவும்? எனக்கு என்ன தெரியும்?"

"நான் அன்னைக்குக் கத்துனப்போ தெரிஞ்சுச்சுல்ல? அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

முட்டியைத் தடவிக்கொண்டே, "நீ சாபம் விட்டுக்கிட்டிருந்த. அது பாட்டுக்கு எம்மேல விழட்டும்னு இருந்தேன்" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. அடிக்கலாம் போலவும் இருந்தது.

முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்குள் ஏறுகிற ரீடிங்தான் அடுத்த பட்டியலுக்குச் சேரும். நூறு வீடு ஆக இன்னும் இருபத்தெட்டு வேண்டும். பதினோரு நாள் இருந்தது. "ஆறாவது கட்டடத்துல ஆரம்பிங்க, அந்த டிரைவர் வீட்டுல" என்றேன். "அது கடைசியா" என்றார். முகம் கொடுக்க முடியவில்லை அவருக்கு. நானும் வற்புறுத்தவில்லை. முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, காலையில் தன் வழக்கமான தெருக்களை முடித்துவிட்டு, மதியத்துக்குமேல் ஏறுவார். என் வேலை முடிந்ததும் நானும் போவேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறுவார். கதவைத் தட்டினால் பாதி வீட்டில் வேலைக்குப் போயிருப்பார்கள். திறந்தவர்கள், "அட, மீட்டர்காரரா! உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு வீட்டில் அவரைப் பார்த்ததே இல்லை என்று அடையாள அட்டை கேட்டார்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து, படம் எடுத்து, மேடையைப் பிடித்துக்கொண்டு எழுவார். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று, அவ்வளவுதான் முடிந்தது.

எட்டாவது நாள் நர்ஸ் என்னிடம் வந்தார். மனசு கேட்காமல் முந்தைய நாள் லீவில் அந்த டிரைவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். "முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கக்கா. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்னாங்க" என்றார். நான் டோக்கன் கட்டை எண்ணுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வாரம் முன்னால் நான் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், பேனா என் பக்கம் இருந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி, பையில் தைத்திருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, பதினோரு மாதம் செய்ததை மேலதிகாரிக்கு எழுத ஆரம்பித்தார். "முப்பதாம் தேதி ரீடிங் ஏறினதும் குடுத்துடுறேன். முன்னாடியே குடுத்தா மெஷினைப் புடுங்கிக்குவாங்க" என்றார். நான் தடுக்கவில்லை.

முப்பதாம் தேதி நாலரை மணிக்கு இருபத்தேழு ஆயிற்று. மீதி வீடுகளில் வேலைக்குப் போனவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள். ஆறாவது கட்டடம், நான்காம் மாடி. தட்டினார்.

தையல்காரம்மா திறந்தார். கழுத்தில் அளவு நாடா இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "டோக்கன் அக்கா! நீங்களா? இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்களா?" என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அந்த அம்மா உள்ளே ஓடிப் போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். "உக்காருங்கண்ணே, முட்டி வலியா? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஏறுவாரு."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பதினோரு மாசமா இந்த வீடு பூட்டியிருக்குன்னு போட்டது நான்தாம்மா. படி ஏற முடியாம. அதனாலதான் வண்டி நின்னுச்சு."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் மூடிக்கொண்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவர் கையிலிருந்து நாற்காலியை மெதுவாக விடுவித்து, உள்ளே எடுத்துப் போய், கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாள் விழுந்தது.

மீட்டர் உள்ளே இருக்கிறது. அவர் கையில் மெஷின் இருக்கிறது. அதில் அமுக்க இருப்பது ஒன்றே ஒன்றுதான். அவர் மெஷினை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மேல்படியில் உட்கார்ந்தார்.

"நீ போ" என்றார்.

"எங்க போறது? பூட்டுல பாதி என்னுது" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி ஓடும். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால். அவர் ஒரு தடவைகூடக் கதவைத் தட்டவில்லை. எனக்குத் தட்டலாம் போலிருந்தது, என் கையை என் மடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார், கையில் சாப்பாட்டுப் பை. எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். நான் எழுந்து நின்று, என் பங்கையும் சொன்னேன். திரையையும் பேனாவையும் நான் வாயை மூடிக்கொண்டு வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா என் பேச்சு முடியும்வரை பையைக் கைமாற்றாமல் கேட்டார். பிறகு கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

என் வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய் முட்டி போட்டார். மெஷினை நீட்டினார்.

"நல்லாத் தெரியுற மாதிரி எடுங்க" என்றார் அந்த அம்மா.

எடுத்தார். ஏறிவிட்டது. இருபத்தெட்டு. மேடையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை. நான் போய்த் தோள் கொடுத்தேன்.

"ரெண்டு பேர் இருக்கோம்னு போடுங்க. அவரு வந்துடுவாரு" என்றார் அந்த அம்மா.

"இதுல ஆள் கணக்குப் போட இடமில்லம்மா" என்றார் இவர். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

நான் என் பையிலிருந்து டோக்கன் நோட்டை எடுத்தேன். ஆறாவது கட்டடம், நான்காம் மாடி, இரண்டு பேர் என்று எழுதி, சரியா பாருங்கள் என்று அந்த அம்மாவிடமே நீட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"வண்டி வந்தாலும் அவரால இனி எறங்க முடியாது. அதையும் எழுதுங்க" என்றார்.